பத்துபஸ்தியில் ஒரு தாய்வீடு

போன வாரம் என் அம்மாவின் இரண்டு கைகளிலும் முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையலை அடுக்கி, மணையில் உட்கார வைத்துவிட்டுப் போய்விட்டேன். மதுரையிலிருந்து ஒரு வாசகி கோபமாக எழுதியிருக்கிறார். "அந்தப் பெண்ணைக் கப்பல் ஏற்றினீர்களா, இல்லையா? ஒரு வாரமாக எனக்குச் சோறு இறங்கவில்லை." அவரை இனியும் பட்டினி போட எனக்கு மனசில்லை.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்கு இரண்டு வார்த்தை. ஆண்டு 1966. ஊர் போர்ட் பிளேர். என் அப்பா ஜம்புலிங்கம் பொதுப்பணித் துறையில் ஓவர்சியர். மரைன் ஹில்லில் அரசாங்கம் கொடுத்த ஒற்றை அறைக் குவார்ட்டர்ஸில் முதலில் அவர் மட்டும்தான் இருந்தார். பிறகு என் அம்மா மங்கையர்க்கரசி புதுத்தாலியோடு ஒரு கப்பலில் வந்தாள். அடுத்த கப்பலில் அப்பாவின் அக்கா நீலாவதி, அதற்கடுத்ததில் தம்பி அழகேசன். ஒவ்வொரு கப்பலும் ஓர் ஆளை இறக்கிவிட்டுப் போயிற்று. அறை மட்டும் வளரவே இல்லை. நானும் வரப்போகிறேன் என்று தெரிந்ததும் அப்பா பத்துபஸ்தியில் மனை வாங்கி, படாக் மரப் பலகையும் தகரமுமாக ஒரு வீட்டைக் கட்டிக் குடியேறிவிட்டார்.

அந்த வீட்டை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மூக்கில்தான் முதலில் வரும். புதுப் பலகை வாசனை, மழை நின்ற பிறகு தகரத்திலிருந்து எழும்பும் சூடு, அடுப்படியில் கொதிக்கும் மீன்குழம்பு. இப்போது அங்கே மாடி வைத்த சிமெண்ட் வீடு நிற்கிறது. நல்ல வீடுதான். ஆனால் அதற்கு வாசனையே கிடையாது.

இனி அன்றைய நாள். நான் நேரில் பார்த்தவள் மாதிரிதான் சொல்வேன். பார்க்கவில்லை, ஆனால் கூடவே இருந்தேன், அம்மாவின் வயிற்றில். எங்கள் வீட்டில் இந்தக் கதையை ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். எல்லோரும் ஒத்துப்போகிற பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

பிரசவத்துக்கு அம்மா மானாமதுரையில் இருக்கும் தாய்வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு. முந்தின மாதமே வந்திருக்க வேண்டிய மதராஸ் கப்பல் புயலில் மாட்டி வரவில்லை. அது ஒருவழியாக வந்து சேர்ந்தபோது அம்மாவுக்கு ஏழாம் மாதம் பிறந்திருந்தது. கப்பலிலோ ஆறு மாதத்துக்கு மேற்பட்ட பிள்ளைத்தாய்ச்சிகளை ஏற்ற மாட்டார்கள். நடுக்கடலில் வலி கண்டால் யார் பொறுப்பு?

"ஆறுன்னு சொல்லிட்டாப் போச்சு. வயித்தத் திறந்தா பாக்கப் போறான்?" என்றாள் நீலாவதி அத்தை.

அத்தை அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஏழு ஒற்றைப்படை மாதம், முறைப்படி வளைகாப்பு போட்டுத்தான் தாய்வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். அபர்தீன் பஜாரில் இருந்த வளையல் முக்கால்வாசி அம்மாவின் கைக்கு வந்து சேர்ந்தது. வளைகாப்புக்கு ஏழு சரி. கப்பலுக்கு ஏழு தவறு. இந்த இரண்டையும் ஒரே உடம்பில் ஏற்றி அனுப்பிய பெருமை என் அத்தையைச் சேரும்.

மறுநாள் காலை புறப்பாடு. வயிற்றை மறைக்க ஆபீஸ் வங்காளி ஹெட்கிளார்க்கிடமிருந்து அப்பா ஒரு கம்பளிச் சால்வை இரவல் வாங்கி வந்திருந்தார். அந்தமான் புழுக்கத்தில் கம்பளி! அம்மாவுக்கு அதைப் போர்த்தியவுடனே வியர்த்துக் கொட்டியது.

"இந்த வளையலக் கழட்டி டப்பாவுல வச்சுக்கட்டுமா மதினி?" என்று அம்மா கேட்டாள்.

"ஆத்தாடி! பிள்ளை பிறக்குற வரைக்கும் அந்த வளையல் கையை விட்டு இறங்கக் கூடாது. சத்தம் கேட்டுத்தான் பிள்ளை வளரும். மூடிக்கிட்டுப் போ."

வளையல் போட்ட பெண் வாசல் தாண்டும்போது போய்விட்டு வருகிறேன் என்று சொல்லக் கூடாது. திரும்பிப் பார்க்கவும் கூடாது. அம்மா அப்படியே போய் லாரியின் முன்சீட்டில் ஏறிக்கொண்டாள். கான்ட்ராக்டர் ஒருவர் கொடுத்து உதவிய லாரி அது. பின்னால் டிரங்குப் பெட்டியோடு அப்பாவும் அழகேசன் சித்தப்பாவும்.

அப்பா வழி நெடுக ஒரு வார்த்தை பேசவில்லையாம். காரணம் உண்டு. அவருடைய ஆபீஸில் இராமகிருஷ்ணன் என்று ஒரு சிநேகிதர். அவர் மனைவி பிரசவத்துக்கென்று கப்பல் ஏறியவர், பிள்ளைக்குப் பல் முளைக்கட்டும் என்றார், நடக்கட்டும் என்றார், பிறகு பள்ளிக்கூடத்தில் சேர்த்தாகிவிட்டது என்றார். இராமகிருஷ்ணன் மெஸ்ஸில் சாப்பிட்டு மெஸ்ஸிலேயே நரைத்துப்போனார். அவர் ஒருவர் மட்டுமல்ல, மரைன் ஹில்லில் குவார்ட்டர்ஸுக்கு ஒருவராவது அப்படி இருந்தார்கள். அம்மாவும் அப்படிப் போய்விடுவாளோ என்கிற பயம் வளைகாப்புக்கு நாள் குறித்த அன்றைக்கே அப்பாவுக்குள் புகுந்துவிட்டது. வெளியில் சொல்ல வெட்கம்.

கப்பல் வந்து நிற்கும் ஜெட்டியில் திருவிழாக் கூட்டம். கப்பல் வந்தாலும் போனாலும் ஊர் முழுக்க அங்கேதான் நிற்கும். ஊருக்குப் போகிறவர்களைவிட வழியனுப்ப வந்தவர்கள்தான் அதிகமாக அழுவார்கள். கடலுக்கு அந்தப் பக்கத்தை மெயின்லாண்ட் என்பார்கள்; அதைச் சொல்லும்போதே சிலர் மூக்கைச் சிந்துவார்கள்.

ஏறுவதற்கு முன்னால் டாக்டர் சோதனை. வரிசையின் முனையில் மேஜை போட்டு ஒரு வங்காளி டாக்டர் உட்கார்ந்திருந்தார். நாக்கைப் பார்த்தார், கண்ணை இழுத்துப் பார்த்தார், அம்மாவின் முகத்தைப் பார்த்தார்.

"கித்னா மஹீனா?"

"சே மஹீனா, சாப்" என்று அப்பா முந்திக்கொண்டு சொன்னார். ஆறு மாதம்.

டாக்டர் தலையை ஆட்டி, போகலாம் என்று கையைக் காட்டிவிட்டார். அவ்வளவுதான். இரண்டு எட்டு வைத்திருந்தால் அம்மா கப்பல் படியில் கால் வைத்திருப்பாள். நான் மானாமதுரையில் பிறந்திருப்பேன், இந்தத் தொடர்கதையை வேறு யாராவது எழுத வேண்டியிருந்திருக்கும்.

அப்போதுதான் வியர்வை கண்ணில் இறங்கி எரிந்திருக்கிறது. துடைப்பதற்காக அம்மா சால்வைக்குள்ளிருந்து கையை எடுத்தாள். முழங்கை வரைக்கும் இருந்த வளையல் மொத்தமும் கலகலவென்று சரிந்து இறங்கிற்று.

டாக்டருக்குப் பக்கத்தில் நின்ற நர்ஸ் நிமிர்ந்து பார்த்தார். நாகர்கோவில்காரர்.

"இங்க வாம்மா" என்றார். "வளைகாப்பு எப்ப போட்டாங்க?"

"நேத்து."

"ஆறாம் மாசத்துல எந்த ஊர்லம்மா வளைகாப்பு போடுறாங்க?"

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா கப்பலைப் பார்த்தார். சித்தப்பா ஏதோ சொல்ல வாயெடுக்க, நர்ஸ் கையமர்த்தினார்.

"நீ சொல்லும்மா. வயித்துல பிள்ளைய வச்சுக்கிட்டு நீ பொய் சொல்ல மாட்ட."

"ஏழு" என்றாள் அம்மா.

நர்ஸ் டாக்டரின் காதில் சொன்னார். டாக்டர் அம்மாவின் கப்பல் பாஸை வாங்கித் தன் பக்கமே வைத்துக்கொண்டார். யாரும் கத்தவில்லை, திட்டவில்லை. "கடல் மோசமா இருக்கும்மா. போன தடவை என் கண்ணு முன்னாலயே ஒண்ணு நடந்துச்சு. கோவிச்சுக்காத" என்று நர்ஸ் அம்மாவின் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

அந்த நேரத்தில்தான் அம்மா திரும்பி அப்பாவைப் பார்த்தாள். அப்பாவின் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து போயிற்று. அவரே அறியாமல் வந்த சிரிப்பு. அரை நொடிகூட நின்றிருக்காது. கல்யாணம் ஆன நாளிலிருந்து அப்பா செய்த எதையும் அம்மா அவ்வளவு துல்லியமாகப் பார்த்ததில்லை.

கப்பல் புறப்படும் வரை அம்மா டிரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள். கம்பளிச் சால்வையைச் சுருட்டிக் காலடியில் போட்டிருந்தாள். மதராஸ் துறைமுகத்தில் வந்து நிற்கப்போகிற என் மாமா பன்னீர்செல்வத்துக்குத் தந்தி கொடுக்கச் சித்தப்பா ஓடினார். கயிற்றை அவிழ்த்தார்கள். ஊதல் ஊதிற்று. கரையில் நின்றவர்கள் கை ஆட்டினார்கள். அம்மா கப்பல் திரும்பி மறையும் வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"வீட்டுக்குப் போவமா?" என்று அப்பா மெல்லக் கேட்டார்.

"எந்த வீட்டுக்கு?"

"நம்ம வீட்டுக்குத்தான்."

"வளையலப் போட்டு வாசலத் தாண்டியாச்சு. இனி பிள்ளையோடதான் உள்ள வரணும். இப்படி வயித்தத் தள்ளிக்கிட்டு நான் திரும்பி வரமாட்டேன்."

அப்பா தலையைச் சொறிந்தார். பஜாரில் போய்த் தாய்வீடு வாங்க முடியுமா? போர்ட் பிளேரில் தமிழர்களுக்கு ஆபீஸ் இருந்தது, சங்கம் இருந்தது, முருகன் கோயில் இருந்தது. ஆனால் எந்தப் பெண்ணுக்கும் தாய்வீடு மட்டும் அங்கே இல்லை. எல்லோருடைய தாய்வீடும் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தது.

லாரி பத்துபஸ்திக்குத் திரும்பியது. அம்மா இறங்கி வேலிக்கு வெளியே தெருவில் நின்றுகொண்டாள். வாசலில் அத்தை கோலத்தைக் கூட இன்னும் மிதிபடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விஷயத்தைக் கேட்டதும் அத்தை வாயைப் பொத்திக்கொண்டாள். "உள்ள வரக் கூடாதே தம்பி! வந்தா பிள்ளைக்கு ஆகாதே!"

"அப்ப தெருவுலயே நிக்கட்டுமா அக்கா?"

"அதுக்குன்னு முறைய விட முடியுமா?"

"முறை முறைன்னு நீ வளையல் போட்டதாலதான் இவ்வளவும்!"

அக்காவும் தம்பியும் வேலிக்கு உள்ளே ஒருவரும் வெளியே ஒருவருமாகச் சண்டை போட்டார்கள். அம்மா வெயிலில் நின்றாள். நானும்தான்.

அடுத்த வீட்டுச் சுப்பம்மாள் சாணிக் கூடையோடு வெளியே வந்தவர் அப்படியே நின்றார். சுப்பம்மாளைப் பற்றிப் போன அத்தியாயங்களில் கொஞ்சம் சொல்லியிருக்கிறேன். இந்தத் தீவிலேயே பிறந்தவர். நாற்பது வயது இருக்கும். அவருடைய தாத்தா வெள்ளைக்காரன் காலத்தில் கைதியாகக் கப்பலில் வந்து, தண்டனை முடிந்து இங்கேயே மண்ணை வெட்டிப் பிழைத்தவர். வீட்டில் இந்திதான் பேச்சு. தமிழ் பேசினால் அதிலும் பாதி இந்தி. நாங்கள் குடிவந்த அன்றைக்கு அவர் ஒரு செம்பு பால் கொண்டுவந்து கொடுக்க, அத்தை அதை வாங்கித் தெருவில் நின்ற கன்றுக்குட்டிக்கு ஊற்றிவிட்டாள். கைதி வீட்டுப் பால் நமக்கு ஆகாதாம். சுப்பம்மாள் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். காலிச் செம்பை வாங்கிக்கொண்டு போனார்.

"க்யா ஹுவா? பேட்டி ஏன் தூப்ல நிக்குது?" என்று வெயிலில் நின்ற அம்மாவைக் காட்டி இப்போது கேட்டார். பேட்டி என்றால் இந்தியில் மகள்.

அப்பா சொன்னார். சொல்ல வெட்கமாக இருந்ததால் பாதியைத்தான் சொன்னார். மீதியை அம்மாவின் கை வளையல் சொல்லிற்று.

சுப்பம்மாள் கூடையைக் கீழே வைத்தார். முந்தானையில் கையைத் துடைத்தார்.

"அரே, இதுக்கா இவ்ளோ ஹல்லா? மாய்கா வேணும், அவ்ளோதானே? அம்மா வீடு. என் கர், என் வீடு இருக்கு. நான் இருக்கேன். சலோ பேட்டி, சாயா போடறேன்."

அத்தை வேலி ஓரத்துக்கே வந்துவிட்டாள். "ஜம்பு! கைதி வம்சத்து வீட்டுலயா நம்ம பிள்ளை பிறக்கணும்?"

அம்மா இதைச் சொல்லும்போதெல்லாம் அந்த இடத்தில் நிறுத்திவிட்டுத்தான் மேலே சொல்வாள். அத்தை பிறகு எத்தனையோ வருஷம் அந்தச் சொல்லுக்காக வருந்தினாள் என்பதையும் நான் இங்கேயே சொல்லிவிட வேண்டும்.

சுப்பம்மாளுக்குக் கோபம் வரவில்லை. "ஆமா பஹன், எங்க தாத்தா கூன் பண்ணிட்டுத்தான் வந்தாரு. ஒரு ஆளைக் கொன்னாரு. நான் யாரையும் கொல்லல. மூணு பொண்ணு பெத்தேன், எல்லாம் இங்கதான். எங்களுக்கு மெயின்லாண்ட்ல யாரு இருக்கா? நாங்க எந்தக் கப்பல் ஏறிப் போவோம்?"

அப்பா அத்தையைப் பார்த்தார், அத்தை மண்ணைப் பார்த்தாள். என்ன செய்வதென்று முடிவெடுத்தது அம்மாதான். டிரங்குப் பெட்டியை எடுத்துவரச் சொல்லி அப்பாவிடம் கையைக் காட்டிவிட்டு, சுப்பம்மாள் வீட்டுக்குள் போனாள். போனவுடன் ஒரு செம்பு தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தாள். வேலிக்கு இந்தப் பக்கமிருந்து அத்தை பார்க்கும்படியாகவே குடித்தாள் என்பது சித்தப்பாவின் கட்சி.

சாயங்காலம் அப்பா சட்டை மாற்றிக்கொண்டு, ஒரு பிஸ்கெட் பொட்டலத்தோடு அடுத்த வீட்டுக்குப் போனார். சொந்த மனைவியைப் பார்க்க வேலியைச் சுற்றிக்கொண்டு தெரு வழியாகப் போக வேண்டியிருந்தது.

"ஆயியே தாமாத்ஜி!" என்று சுப்பம்மாள் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். மாப்பிள்ளை உபசாரம்! காலையில் வேலிக்கு அந்தப் பக்கத்துப் பெண்ணாக இருந்தவர் மாலையில் மாமியார் ஆகிவிட்டார். அப்பா கூச்சத்தோடு உட்கார்ந்தார். டீ வந்தது, வறுத்த மீன் வந்தது. சுப்பம்மாள் மாட்டைக் கட்டப் போகிறேன் என்று கொல்லைப்பக்கம் போனார்; மாடு ஏற்கெனவே கட்டித்தான் இருந்தது.

அம்மா பாயில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"சாப்பிட்டியா மங்கை?"

"ம்."

"வசதியா இருக்கா?"

"சிரிச்சீங்க" என்றாள் அம்மா.

அப்பா டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஜெட்டியில. அந்த நர்ஸம்மா என்னைத் திருப்பி அனுப்பினப்ப நீங்க சிரிச்சீங்க. நான் பாத்தேன். எங்க அம்மாவப் பாக்கணும்னு நான் எத்தனை நாளா ஏங்கிக்கிட்டு இருக்கேன்னு உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சும் சிரிச்சீங்க."

இல்லை என்று அப்பா சொல்லியிருக்கலாம். நிறையப் பேர் அப்படித்தான் சொல்வார்கள். என் அப்பாவிடம் எனக்குப் பிடித்த விஷயம், மாட்டிக்கொண்டால் ஒப்புக்கொண்டுவிடுவார்.

"பயம் மங்கை" என்றார். "இராமகிருஷ்ணன் சம்சாரம் மாதிரி நீயும் அங்கயே இருந்துருவியோன்னு பயம். வீட்டக் கட்டி வச்சுட்டு அதுல அக்கா மூஞ்சியும் தம்பி மூஞ்சியும் பாத்துக்கிட்டு நான் எப்படி இருப்பேன்? காலையில அவங்க உன்னை ஏத்தலைன்னதும் எனக்கு உசிரு திரும்பி வந்த மாதிரி இருந்துச்சு. தப்புதான். உன் அழுகையப் பாக்காம என் பயத்த மட்டும் பாத்துட்டேன்."

வெளியே மழை பிடித்துக்கொண்டது. எங்கள் வீட்டுத் தகரத்தில் விழுகிற சத்தம் அங்கே வரைக்கும் கேட்டது.

"மரைன் ஹில்லுல ஜன்னலத் திறந்தா கடல் தெரியும்" என்றாள் பிறகு. "கப்பல் வர்றது தெரியும், போறது தெரியும். ஒத்தை ரூம்னாலும், நாமளும் ஒரு நாள் போவோம்னு மனசுக்கு ஒரு தெம்பு. ஒரு நாள் சாயங்காலம் வந்து, மனை வாங்கியாச்சுன்னீங்க. ஒரு மாசத்துல வீடு எழும்பிருச்சு. எனக்கு இங்க பிடிக்குமா, பிடிக்காதான்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா? ஜன்னலத் திறந்தா வேலிதான் தெரியுது. மதினிக்கு வீடு கிடைச்சுச்சு, கொழுந்தனுக்கு ரூம் கிடைச்சுச்சு. எனக்கு என்ன கிடைச்சுச்சு?"

"கேட்டிருக்கணும்" என்றார் அப்பா.

"நீங்க பயந்தது சரிதான். கப்பல் ஏறியிருந்தா நான் திரும்பி வர்றதா இல்லை."

அப்பா அவளையே பார்த்தார். அவர் பயந்து பயந்து மனசுக்குள் ஓட்டிப்பார்த்த வார்த்தைதான். ஆனால் அதை அவள் வாயால், இவ்வளவு சாதாரணமாக, பாயில் உட்கார்ந்து வளையலைத் தள்ளிவிட்டுக்கொண்டே சொல்லக் கேட்டபோது அவருக்கு ஊன்றிக்கொள்ள ஓர் இடம் வேண்டியிருந்தது. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"யாருகிட்டயும் சொல்லல. போய் இறங்கி எங்க அண்ணன்கிட்டதான் முதல்ல சொல்லணும்னு இருந்தேன். நேத்து நலங்கு வைக்கிறப்ப முடிவு பண்ணினேன்."

"இப்ப?" என்று அப்பா கேட்டார்.

அம்மா அவரை நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இல்லை, இரக்கமும் இல்லை. நீங்கள் என்ன செய்கிறீர்கள் பார்க்கலாம் என்பதுபோல ஒரு பார்வை.

"பிள்ளை பிறக்கட்டும். அதுக்கப்புறம் எந்தக் கப்பலும் என்னை வேண்டாம்னு சொல்லாது. அன்னைக்கு வந்து கேளுங்க, இருக்கியா போறியான்னு. அந்த வார்த்தைய நீங்க கேக்கணும். நான் பதில் சொல்றேன்."

அப்பா மழையிலேயே தெரு வழியாக வீட்டுக்குத் திரும்பினார். அம்மாவின் மனதை மாற்ற அவருக்குக் கிடைத்த அவகாசம், நான் பிறக்கும் வரைதான்.